மாஸ்டர்ல போட்ட வரி

தலைய ஆட்டாதீங்க அத்தான், கம்பி இழுக்கும். வலிச்சா கண்ண மட்டும் மூடித் தொறங்க, எனக்குப் புரிஞ்சுடும். அந்தப் பெல்லையும் தேடாதீங்க, தலகாணிக்குக் கீழ இல்ல. உள்ள வந்ததும் நான்தான் எடுத்து ஜன்னல் கட்டைமேல வச்சேன். இங்க இருந்து பார்த்தாத் தெரியும், ஆனா எட்டாது. பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பயந்தா நல்லதுதான்.

அடேயப்பா, என்ன முறைப்பு! வாயக் கட்டிப் போட்டும் கண்ணாலயே இவ்வளவு திட்ட முடியுதே உங்களால. வெளிய நர்ஸம்மா கேட்டாங்க, நீங்க அவருக்கு என்ன வேணும்னு. கொழுந்தியான்னேன். பாவம், அக்கா வீட்டுக்காரர்மேல எவ்வளவு பாசம், வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கீங்களேன்னாங்க. லீவு எங்க போட்டேன், ஆபீசுல என்னை வராதேன்னு சொல்லிட்டாங்க. உங்களையும்தான். இன்னும் உங்ககிட்ட யாரும் சொல்லலையா? சரி, இப்ப நான் சொல்லிட்டேன். அப்புறம் என் புருவத்துல தையலப் பார்த்துட்டு, என்னம்மா ஆச்சுன்னு கேட்டாங்க. படியில விழுந்துட்டேன்னு சொன்னேன். சொல்லிட்டு எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அவங்களும் நம்பிட்டாங்க. படின்னா யாரும் நம்பிடறாங்க அத்தான், அது என்ன மாயமோ.

இது என்ன, கட்டில் கம்பியில கட்டித் தொங்குது? கட்டர். எதுக்குன்னு கேட்டு வச்சிருக்கேன். உங்களுக்குத் திடீர்னு வாந்தி வந்தா வாயத் தொறக்க முடியாதாம், மூச்சு அடைச்சுக்குமாம். அந்த நேரத்துல தாடைக் கம்பிய வெட்டி விடணுமாம். அதனால கைக்கு எட்டுற மாதிரியே வச்சிருக்கணுமாம். நல்ல ஏற்பாடுதான். இத அவுத்து நானே வச்சிக்கிறேன். சும்மாதான் அத்தான். மவுஸ் புடிச்சுப் பழகின கை, எதையாவது புடிச்சுக்கிட்டே இருக்கணும்.

முனகாதீங்க. விஷயத்துக்கு வர்றேன்.

இன்ஸ்பெக்டர் வர்றாரு. முந்தாநாள் அரை மயக்கத்துல ஒரு தாள் வாங்கி என் பேர எழுதிக் குடுத்தீங்களாமே, இவதான் என்னை அடிச்சான்னு. கிறுக்கல் கிறுக்கலா இருந்துச்சாம். முழுசா நினைவு தெளியட்டும், வந்து நேர்லயே கேட்டுக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. இன்னைக்குக் கேப்பாரு. நீங்க பேச வேணாம், மெல்ல ஒரு தடவை ஆட்டினாப் போதும். இப்படி ஆட்டினா நான் உள்ள. அங்க அக்கா என்னடான்னா, உன்னை எதுக்குடி இழுக்கணும், நான்தான் அடிச்சேன்னு போய்ச் சொல்லிடறேன்னு செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறா. விரல் ரெண்டு ஒடிஞ்ச கைய வச்சுக்கிட்டு! அவள இழுத்து உக்கார வச்சிட்டுத்தான் இங்க வந்தேன். அதனால, அந்த மனுஷன் கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி சிலது உங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் எப்படி வேணா ஆட்டுங்க.

முதல்ல, கம்பெனி வருஷக் கூட்டத்தன்னைக்கு அந்த ஹால்ல என்ன நடந்துச்சுன்னே உங்களுக்குப் புரியல. அது எனக்குத் தெரியும். எத்தனை வருஷமா நான் செஞ்சு குடுத்த ஸ்லைடு முன்னாடி நின்னு கைதட்டல் வாங்கியிருக்கீங்க. ஒரு நாளாவது மேல வியூன்னு ஒரு மெனு இருக்கே, அதத் தொறந்து உள்ள என்ன இருக்குன்னு பார்த்திருக்கீங்களா? எங்க பார்த்தீங்க. உங்களுக்கு ஸ்லைடுன்னா எழுத்த மாத்தணும், படத்தப் பெருசாக்கணும், அடுத்ததுக்குப் போகணும், அவ்வளவுதான்.

எல்லா ஸ்லைடுக்கும் பின்னாடி ஒரு ஸ்லைடு இருக்கு அத்தான். அதுதான் மாஸ்டர். திரையில அது வராது, யாருக்கும் தெரியாது. ஆனா லோகோ எங்க நிக்கணும், தலைப்பு எந்த எழுத்துல வரணும், அடியில நீலக்கோடு எவ்வளவு தடிமன், எல்லாம் அங்க இருந்துதான் வருது. அங்க ஒரு புள்ளி வச்சா மொத்த ஃபைல்லயும் அந்தப் புள்ளி விழும். ஆனா நீங்க சாதாரணமா ஸ்லைடத் தொறந்து அந்தப் புள்ளிய அழிக்கணும்னு க்ளிக் பண்ணா புடிபடாது. டெலீட்ட அமுக்கு அமுக்குன்னு அமுக்கினாலும் போகாது. கண்ணு முன்னாடி இருக்கும், கைக்குச் சிக்காது. மாஸ்டருக்குள்ள போய் எடுத்தாத்தான் போகும்.

இது தெரியாம நம்ம ஆபீசுல என்னென்ன கூத்து! கம்பெனி லோகோ மாறினப்ப ஞாபகம் இருக்கா? பழைய லோகோவ அழிக்கத் தெரியாம அதுமேல வெள்ளைக் கட்டம் ஒண்ண ஒட்டி அனுப்புனீங்க. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனியா, உக்கார்ந்து, ஒட்டி ஒட்டி! நான் சிரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் எடுத்துட்டு மாஸ்டர்ல ஒரே தடவை மாத்தினேன். அப்ப சிரிப்பா இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, உங்களுக்கு அது பழகின வேலை. அக்காவுக்கு வெயில் காலத்துலயும் முழுக்கைத் துணியா வாங்கிக் குடுத்தது எதுக்கு? மேல ஒட்டி மறைக்கத்தானே.

நம்ம ஸ்லைடுக்கெல்லாம் அச்சு மாதிரி இருக்கற அந்த டெம்ப்ளேட்ட முதல்ல செஞ்சது யாருன்னாவது ஞாபகம் இருக்கா உங்களுக்கு? அக்காதான். என் சீட்டுல எனக்கு முன்னாடி இருந்தவ அவ. அந்த நீலக்கோடு அவ போட்டது. எது எங்க வரணும்னு காட்டுற லேஅவுட்டுக்கெல்லாம் அவ வச்ச பேருதான் இன்னும் இருக்கு, ஒண்ணுக்குப் பேரே வளவளா. எழுத்து நெறைய வர்றவங்களுக்கு. அது உங்களுக்குன்னு செஞ்சது. அப்ப உங்களைக் கிண்டல் பண்ண அவளுக்குத் தைரியம் இருந்துச்சு. நீங்களும் சிரிச்சீங்க, சிரிச்சுச் சிரிச்சே கட்டிக்கிட்டீங்க. கல்யாணம் ஆனதும் வேலைய விடச் சொன்னீங்க. அவ எழுந்த சூடு ஆறுறதுக்குள்ள அதே நாற்காலியில என்னை உக்கார வச்சீங்க. அவளே எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தா. யாரும் கைய வைக்கக்கூடாதுன்னு நினைக்கிறத மாஸ்டர்ல வச்சிருடி, அப்புறம் நிம்மதியாத் தூங்கலாம்னா. அவ நிம்மதிய எதுல வச்சிருந்தான்னுதான் தெரியல.

மொதத் தடவை அவ கன்னம் வீங்கி வந்தப்ப படியில விழுந்துட்டேன்னா. நம்பினேன். அப்புறம் தோள்பட்டை, அதுக்கப்புறம் விலா எலும்பு. எல்லாமே படிதான். ஆபீசுல நீங்களே ஜோக்கு மாதிரி சொல்லுவீங்க, எங்க வீட்டம்மாவுக்கும் படிக்கும் ஜென்மப் பகைன்னு. எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிப்பாங்க. நானும் சிரிச்சுத் தொலைச்சிருக்கேன். ஒரு நாள் டீ குடிச்சுக்கிட்டு இருக்கப்ப சுரீர்னு ஒறைச்சுது. உங்க வீடு தரைத்தளம். உள்ள படியே கிடையாது! வாசல்ல செருப்பு விடற ஒத்தப் படி, அதுல விழுந்து யாராவது விலா எலும்ப ஒடைச்சுக்குவாங்களா? டீ கையில அப்படியே ஆறிப்போச்சு. பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டு போச்சுன்னு நெனைக்குமாம். இங்க ஒரு ஆபீசே கண்ண மூடிக்கிட்டு இருந்திருக்கு.

அதுக்கப்புறம் நான் நேரா உங்கம்மாகிட்டதான் போனேன். அத்தை, உங்க வீட்டுல என்ன நடக்குதுன்னேன். அவங்க ஒண்ணொண்ணாச் சொன்னாங்க. முதல்ல அவங்க கைத்தடிய எடுப்பீங்களாமே. நீங்களே ஆசையா வாங்கிக் குடுத்த தடி, அடியில நாலு கால் வச்ச இரும்புத் தடி. அது இல்லாம அவங்களால ரெண்டு எட்டு வைக்க முடியாது. அதத் தூக்கி ஷோகேஸ் மேல வச்சிடுவீங்களாம். பார்த்தாத் தெரியும், எட்டாது. அடுத்தது வாட்ச், கழட்டி மேசையில வைப்பீங்க, கண்ணாடி கீறிடக் கூடாதில்ல. அப்புறம் டிவிய சத்தமா வைப்பீங்க. அதுக்கப்புறம்தான் அக்காவோட முடியப் புடிப்பீங்களாம். வரிசை மாறவே மாறாதாம். தடி, வாட்ச், டிவி. இத அத்தை சமையல் சொல்ற மாதிரி சொன்னாங்க. தடி போன உடனே நான் காதப் பொத்திக்குவேம்மா, எனக்கு ஒரு காதுதானே கேக்கும், ஒரு கை போதும்னாங்க.

அந்த இன்னொரு காது எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா என்ன. உங்கப்பா அறைஞ்சு போன காது. அப்ப நீங்க கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவீங்களாம். அழுதுக்கிட்டே இருப்பீங்களாம், அத்தை சொன்னாங்க. அந்தப் புள்ளைய நெனைச்சு அன்னைக்கு எனக்குப் பாவமா இருந்துச்சு, நிஜமா. அந்தப் புள்ள கட்டிலுக்கு அடியில இருந்து என்னத்தக் கத்துக்கிட்டு வெளிய வந்துச்சுன்னுதான் எனக்கு வயித்தெரிச்சல். உங்கப்பா விட்டுட்டுப் போன லேஅவுட்ட ஒரு எழுத்து மாத்தாம அப்படியே எடுத்து வச்சிக்கிட்டீங்க.

ஏன் அத்தை, எங்கயாவது சொல்ல வேண்டியதுதானேன்னு நான் கத்தினேன். பெத்த மனம் பித்தும்மான்னாங்க. பிள்ளை மனம் கல்லுன்னு மீதியச் சொல்லல, அத நானேதான் சொல்லிக்கிட்டேன். அக்காகிட்டப் போய் என்கூட வந்துருடின்னேன். அத்தைய யாரு பார்த்துப்பா, அவங்க தனியா எந்திரிக்கக் கூட முடியாதேன்னா. மாமியாருக்கு மருமக காவல், மருமகளுக்கு மாமியா காவல், ரெண்டு பேருக்கும் நீங்க எமன். நல்ல குடும்பம்.

சரி, அதுவும் போகட்டும். இந்த விரல் விஷயத்துக்கு வர்றேன்.

வருஷக் கூட்டத்துக்கு வீட்டுல ஒத்திகை பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அக்கா எட்டிப் பார்த்திருக்கா. என்ன சொன்னா? ஏங்க, தலைப்பு ஒவ்வொரு ஸ்லைடுலயும் ஒவ்வொரு எடத்துக்குக் குதிக்குதே, மாஸ்டர்ல சரி பண்ணா ஒரு நிமிஷ வேலைன்னா. அவ்வளவுதான் சொன்னா. பழைய வேலை ஞாபகத்துல, பாவி, மவுஸ்மேல கைய வேற வச்சிட்டா. என் ஸ்லைடுல குத்தம் கண்டுபிடிக்கிறியான்னு எந்திரிச்சு, தடி, வாட்ச், டிவி மூணையும் முடிச்சுட்டு வந்து, அந்தக் கையப் புடிச்சு மேசை டிராயருக்குள்ள வச்சு, காலால ஓங்கி ஒதைச்சுச் சாத்தினீங்க. ஒரு தடவை இல்ல. எலும்பு ஒடையற சத்தம் டிவி சத்தத்தையும் தாண்டிக் கேட்டுச்சாம் அத்தைக்கு. அந்த ஒத்தக் காதுக்கு!

மறுநாள் காலையில ஆபீசுல என் மேசைகிட்ட வந்து, உங்கக்கா மறுபடியும் படியில விழுந்துட்டான்னு சொல்லிச் சிரிச்சீங்க. சிரிச்சுட்டு, அப்படியே அந்தத் தலைப்பெல்லாம் குதிக்காம மாஸ்டர்ல சரி பண்ணிக் குடுத்துடுன்னு ஃபைலக் குடுத்தீங்க. அவ சொன்ன அதே வார்த்தை! எனக்கு அந்த எடத்துலயே உங்களைக் கொல்லணும் போல இருந்துச்சு அத்தான். பேப்பர் வெட்டற கத்தி கைகிட்டதான் இருந்துச்சு. கழுத்தப் பார்த்தேன், நல்லா ஷேவ் பண்ணின கழுத்து. இப்பவும் அந்த ஆசை போகலன்னு வச்சிக்கங்க. ஆனா சரிங்க அத்தான்னு ஃபைல வாங்கிக்கிட்டேன்.

தலைப்பெல்லாம் சரி பண்ணிக் குடுத்தேன். நீங்களும் முன்னாடி பின்னாடி ஓட்டிப் பார்த்துட்டு சபாஷ்ன்னீங்க. கூட்டத்தன்னைக்குக் காலையில, நீங்க சேர்மனுக்குக் கை குடுக்கப் போன நேரத்துல, ஹால் லேப்டாப்புல மாஸ்டரத் தொறந்தேன். அடியில கம்பெனியோட வாசகம் ஒண்ணு ஓடுமே, நம்பிக்கை, நாணயம்னு, அத எடுத்துட்டு ஒரே ஒரு வரி போட்டேன். இவர் மனைவி படியில் விழவில்லை. சேவ் பண்ணி மூடிட்டேன். தண்ணி குடிக்கிற நேரம் கூட ஆகல.

ஆனா முதல் ஸ்லைடுல அது வராது. ஏன்னா தலைப்புப் பக்கத்தோட லேஅவுட்டுல பின்னணி எதுவும் தெரியக்கூடாதுன்னு அக்கா அன்னைக்கே மறைச்சு வச்சிருந்தா, பளிச்சுன்னு இருக்கணும்னு. அதனால நீங்க மேடை ஏறினப்ப திரை சுத்தமா இருந்துச்சு. உங்க வெள்ளைச் சட்டை மாதிரி. அப்ப நீங்க என்ன பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. வீட்டம்மா வரல, வழக்கம்போலப் படியில விழுந்துட்டாங்கன்னு ஆரம்பிச்சீங்க. ஹாலே சிரிச்சுது. சிரிச்சுக்கிட்டே அடுத்த ஸ்லைடுக்குப் போனீங்க.

உங்களுக்கு முதுகுப் பக்கம் திரை. நீங்க பார்க்கல, நாங்க எல்லாரும் பார்த்தோம். சிரிப்பு முன் வரிசையில நின்னுச்சு, அப்புறம் அடுத்த வரிசை, கடைசி வரிசைன்னு ஒவ்வொண்ணா நின்னுச்சு. நீங்க பாட்டுக்கு விற்பனை ஏறிடுச்சுன்னு கைய மேல காட்டிக்கிட்டே போறீங்க. அடுத்த ஸ்லைடு, அதே வரி. அதுக்கடுத்ததும் அதே வரி. சேர்மன் கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மறுபடி போட்டுப் பார்த்தாரு. அப்பதான் திரும்பினீங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறுதல் அத்தான், மறைக்க மாட்டேன். லேப்டாப்புகிட்ட பாஞ்சு வந்து, அந்த வரிமேல க்ளிக் பண்றீங்க, புடிபடல. டெலீட் அமுக்கறீங்க, படம் போகுது, கணக்கு போகுது, தலைப்பு போகுது, அந்த வரி மட்டும் அசையல. அடுத்த ஸ்லைடுலயும் அப்படியே. ஹால் முழுக்க அந்தப் பெரிய திரையில உங்க மவுஸ் அம்பு அந்த வரியச் சுத்திச் சுத்தி ஓடுறதப் பார்த்துக்கிட்டு இருக்கு. எல்லாத்தையும் நீங்களே அழிச்சு, வெறும் வெள்ளைத் திரையில அது ஒண்ணு மட்டும் நிக்குது. எங்கக்கா போட்ட நீலக்கோட்டுக்குக் கீழ.

புரொஜெக்டர்காரர் பாவம், ஒதவலாம்னு வந்தாரு. உங்கப்பா வயசு மனுஷன். அவர் கன்னத்துல விட்டீங்க பாருங்க ஒரு அறை, மைக்குல கேட்டுச்சு. அப்பதான் எல்லாருக்கும் அந்த வரியோட அர்த்தம் முழுசாப் புரிஞ்சுது. அப்புறம் என்னைத் தேடினீங்க. நான் எங்கயும் ஓடல, கதவுகிட்டயே நின்னேன். முடியப் புடிச்சு இழுத்துட்டு வந்து, மேசைமேல இருந்த கண்ணாடி ஜாடிய எடுத்து, இதோ இங்கதான். இன்னும் கொஞ்சம் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு அப்ப வலிக்கவே இல்ல. ரத்தம் வாய்க்குள்ள வழியுது, நான் சிரிக்கிறேன். சிரிச்சேன்ல? ஆமா, அதுக்குத்தான் ரெண்டாவது தடவையும் ஓங்குனீங்க. அதுக்குள்ள ஆளுங்க வந்து புடிச்சிட்டாங்க. உதறிட்டு கார எடுத்தீங்க.

அங்கதான் நான் முட்டாளாயிட்டேன். நீங்க ஹால்ல அசிங்கப்படணும்னு மட்டும்தான் நெனைச்சேன். அசிங்கப்பட்ட ஆளு நேரா எங்க போவான்னு நெனைக்கல பாருங்க. அக்காவுக்குப் போன் மேல போன். அவ எடுக்கல. கட்டுப்போட்ட கையால எடுக்க முடியலையாம், போன் கீழ விழுந்து சோபாவுக்கு அடியில போயிடுச்சாம். புரொஜெக்டர்காரர்தான் வண்டியில ஏத்திக்கிட்டு வந்தாரு. அவர் கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு, என் கண்ணுல ரத்தம், சிக்னல்ல எல்லாரும் வேடிக்கை பார்க்கறாங்க. போற வழி பூரா நான் வேண்டாத சாமியில்ல. அவ உசுரோட இருந்தாப் போதும், நான் ஜெயிலுக்குக் கூடப் போறேன்னு வேண்டிக்கிட்டேன். அதனாலதான் சொல்றேன், நீங்க என் பேர எழுதினதுல எனக்குக் கோவம் இல்ல. வேண்டுதல்தான் பலிச்சிருக்கு.

வாசல் கதவு ஆவென்னு தொறந்து கிடந்துச்சு. உள்ள சத்தமே இல்ல. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்துச்சு. டிவி ஓடல அத்தான். மொதல்ல அதத்தான் கவனிச்சேன். அக்கா சுவத்தோரமாக் கிடக்கறா, கழுத்துல உங்க பத்து விரலும் செவசெவன்னு. இருமிக்கிட்டு இருந்தா. இருமல் சத்தம் கேட்டதும் எனக்கு உசுரு வந்துச்சு. பக்கத்துல நீங்க, வாய் ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு. நான் குனிஞ்சு பார்த்தப்ப அரைக் கண்ணத் தொறந்தீங்க. என் மூஞ்சியப் பார்த்தீங்க, என் கையில இருந்ததையும் பார்த்தீங்க. அதான் என் பேர எழுதிட்டீங்க. உங்க மேல தப்பில்ல.

உங்க கையில வாட்ச் இருந்துச்சு அத்தான்.

இப்பப் புரியுதா? கண்ண ஏன் அப்படி விரிக்கறீங்க? அன்னைக்கு அவ்வளவு ஆத்திரம் உங்களுக்கு. வந்த வேகத்துல வாட்சக் கழட்டல. டிவிய வைக்கல. அதுக்கெல்லாம் முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கே, அதையும் செய்யல. இத்தனை வருஷத்துல மாறாத வரிசை, அன்னைக்குத்தான் மறந்தீங்க. அக்காமேல மண்டி போட்டு உக்கார்ந்து கழுத்த நெரிச்சுக்கிட்டு இருந்தீங்க, பின்னாடி டக்கு டக்குன்னு சத்தம் வந்தது உங்களுக்குக் கேக்கல. அத்தை சோபாவுல இருந்து தானா எந்திரிச்சிருக்காங்க. ஒரு கையால சுவத்தப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில அந்தத் தடிய ஊனிக்கிட்டு. அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்பாங்க. நகர்ந்துடுச்சு.

நான் அடிச்சிருந்தா மண்டையிலதான் அடிச்சிருப்பேன் அத்தான், நீங்க இங்க படுத்திருக்க மாட்டீங்க. அவங்க கூன் போட்ட ஆளு, கை அவ்வளவு உசரம் போகாது. நீங்க மண்டி போட்டிருந்ததால தாடை எட்டிச்சு. ஒரே அடிதானாம். நான் போனப்ப சுவத்துல சாஞ்சு, தடிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. அவங்க விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் அத வாங்கினேன். அதத்தான் என் கையில பார்த்தீங்க. அவங்க அழல. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு இருந்தவன்தானேம்மா இவன், அப்பவே இழுத்து வச்சு நாலு நல்ல வார்த்தை சொல்லாம விட்டுட்டேனேன்னாங்க. நான் பெத்தது, நான்தான் சரி பண்ணணும், மருமகளா பண்ணுவான்னாங்க.

அழாதீங்க. மூக்கு அடைச்சா மூச்சு விட முடியாது. இருங்க, தொடச்சு விடறேன். இந்தாங்க கட்டர், இருந்த எடத்துலயே கட்டிடறேன்.

அத்தையும் அக்காவும் இப்ப என் வீட்டுலதான் தங்கியிருக்காங்க. இனிமே அங்கதான். இன்ஸ்பெக்டர் கேட்டா இருக்கறத இருக்கறபடி சொல்லப் போறேன்னு அத்தை பிடிவாதமா நிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி என் புள்ள என்ன சொல்றான்னு பார்க்கணுமாம். உங்களுக்கு ரெண்டு வழிதான் இருக்கு. பெத்தவங்க பேரச் சொல்லி அந்தக் கூன் முதுகோட கோர்ட்டுல ஏத்தலாம். இல்லைன்னா, படியில விழுந்துட்டேன்னு ஒரே வரி எழுதிக் குடுக்கலாம். எந்தப் படின்னு கேட்டா என்ன பண்றதா? யாரு அத்தான் கேக்கப் போறா, இத்தனை வருஷமா யாராவது கேட்டாங்களா?

கேக்குதா, வராந்தாவுல டக்கு டக்குன்னு? இன்ஸ்பெக்டர் இல்ல. அவருக்கு முன்னாடி நான் பார்க்கணும்னு என்கூடவே ஆட்டோவுல வந்த அத்தைய வெளிய பெஞ்சியில உக்கார வச்சிருந்தேன். பொறுக்கல போல. கதவுகிட்ட வந்தாச்சு. இந்தாங்க உங்க பெல், கையிலயே வச்சுக்கங்க. நர்ஸம்மாவக் கூப்பிடணும்னாலும் கூப்பிடலாம்.

என்ன அத்தான், உள்ள வரச் சொல்லவா? தடிய எட்டாத எடத்துல வச்சிட்டு வரச் சொல்லவா, இல்ல, ஊனிக்கிட்டே வரட்டுமா?